காட்டைக் கூட்டித் துடைத்த க்ளைவ்

க்ளைவ் ஹாட்ஜெட்ஸுக்குக் குப்பை என்றாலே ஆகாது. டாஸ்மேனியாவின் தெற்கே, எங்கள் மலைக்காட்டில் மரம் வெட்டும் குத்தகைக்காரர். புல்டோசரில் ஏறும் படியிலே கால்மிதி போட்டு வைத்திருந்த ஒரே மகராசன் இவராகத்தான் இருக்கும். இவருக்கு மர லாரி ஓட்டிய பாவம் என்னுடையது.

எங்கள் பக்கம் மரத்தை வெட்டினால் அடிமரம் மட்டும் ஆலைக்குப் போகும். இலை, சுள்ளி, பட்டை எல்லாம் வெட்டிய இடத்திலேயே பரவிக் கிடக்கும். அதன்மேல் மேலோட்டமாக ஒரு தீ வைத்து விதை தூவுவோம். பக்கத்து மலையை வெட்டிய கேவின் அப்படித்தான் செய்தான். கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி கிடந்தது அந்த இடம்.

"சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாம எந்திரிச்சுப் போயிருக்கான் பாரு, சோம்பேறி!" என்று க்ளைவ் காறித் துப்பினார்.

தன் மலையை அவர் அப்படி விடவில்லை. புல்டோசரை வைத்து அத்தனையையும் வழித்து, நீள நீளமாகக் குவித்துக் கொளுத்தினார். மேலாக இருந்த கருமண்ணும் கூடவே வந்தது. அதுவும் அவருக்கு அழுக்குதான். மிச்சம் இருந்தது வெறும் மஞ்சள் களிமண். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது, எனக்கென்ன தெரியும்!

விதை தூவிய பிறகு, சாம்பல் குவிந்த வரிசைகளில் கன்றுகள் கிடுகிடுவென்று கிளம்பின. மற்ற இடமெல்லாம் சோகை பிடித்த குச்சிகள். கேவினுடைய கன்றுகளோ ஆள் தோளைத் தொட்டன. வனத்துறையிலிருந்து ப்ரான்வென் பார்க்க வந்தாள். கன்று தேறவில்லை என்றால் அடுத்த மலையின் குத்தகை கேவினுக்குப் போகும், நாங்கள் எல்லோரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

க்ளைவ் அவளைச் சாம்பல் வரிசையிலேயே நடத்திக் கூட்டிப் போனார்.

"எப்படிம்மா இருக்கு?"

"இங்க ஜோராத்தான் இருக்கு அண்ணே. கொஞ்சம் தள்ளி நடப்போமா?"

"அங்க வெறும் சேறும்மா. செருப்பு பாழாயிடும்."

"நான் பூட்ஸ்தான் போட்டிருக்கேன்."

களிமண்ணில் இறங்கி ஒரு குச்சியைப் பிடுங்கினாள். அது மறுபேச்சில்லாமல் கையோடு வந்தது.

"மரத்தோட சத்துல பெரும்பங்கு இலையிலயும் பட்டையிலயும்தான் அண்ணே இருக்கு. இந்த மண்ணுக்குச் சாப்பாடே அதுதான். நீங்க பாதியைப் புகையா விட்டுட்டீங்க, மீதியைச் சாம்பலா இந்த வரிசைகள்ல மட்டும் கொட்டிட்டீங்க."

க்ளைவின் முகம் செத்துப்போனது.

"அப்போ அடுத்த மலை?"

"கேவினுக்குத்தான். என்னால வேற எழுத முடியாது."

"சரி, இதை எப்படிச் சரி பண்றது? சொல்லு, நாளைக்கே ஆரம்பிக்கிறேன்."

"ஒண்ணும் பண்ணாதீங்க. காட்டு வேல மரம் தானா முளைக்கும். அது மண்ணுக்குச் சத்து சேர்க்கும். களைன்னு வெட்டிடாதீங்க. இலை உதிரட்டும், மக்கட்டும்."

"எவ்வளவு காலம்?"

"நீங்களும் நானும் பார்க்க மாட்டோம் அண்ணே."

க்ளைவ் அந்த மஞ்சள் தரையைப் பார்த்தார். அழுதுவிடுவார் என்று பயந்தேன். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, புல்டோசர் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நீயே வச்சுக்கோம்மா. எங்கிட்ட இருந்தா எப்படியும் ஒருநாள் வந்து கூட்டிருவேன்."