சில்லுக்கு வைத்த பொட்டு

செண்பகனூரில் சாலையோரம் இருந்த ஒரு தனியார் ஒளியியல் ஆய்வுக்கூடத்தில் வீரம்மா கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். கூடத்துக்குப் பின்னால் அவளுக்கு ஒரு தகர அறை கொடுத்திருந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவள். இங்கே வந்தும் எத்தனையோ வாசல்களில் விரட்டப்பட்டவள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்க அவளுக்குக் கிடைத்த முதல் இடம் அந்த அறைதான். வேலை போனால் அறையும் போகும். அந்தப் பயம் அவளோடு கூடவே படுத்தது, கூடவே எழுந்தது.

2008-ஆம் வருடம். அங்கே பல நாள் உழைப்பில் ஒரு கண்ணாடிச் சில்லு செய்திருந்தார்கள். விரல் நகம் அளவுதான், தட்டை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்தூண்கள். தடித்த லென்ஸ் இல்லாமலே லேசர் ஒளியை வேண்டிய பக்கம் திருப்பி ஒரே புள்ளியில் குவிக்கும். விரல் பட்டாலே தூண்கள் நொறுங்கிவிடும் என்று எப்போதும் டப்பியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். வீரம்மா அதைப் பார்த்ததுகூட இல்லை.

ஆயுதபூஜையன்று ஆய்வுக்கூடத் தலைவர் முருகவேல் அதை வெளியே எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். பழனியில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை அவர். கம்ப்யூட்டர், பம்ப், மைக்ரோஸ்கோப் என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்த வீரம்மாவின் கை, சில்லுக்கு முன்னால் நின்றது.

"தொரை, இந்தச் சின்னக் கண்ணாடிக்கும் வைக்கவா?"

செல்போனில் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. "எல்லாத்துக்கும் வைம்மா. ஒண்ணு விடாத. வெரசா முடி."

சுண்டல் அள்ளிக்கொண்டிருந்த ஆய்வாளர் சுமலதாவின் காதிலும் அது விழுந்தது. எந்தக் கண்ணாடி என்று அவளும் பார்க்கவில்லை.

"முருகா, இந்த வீட்ட எனக்கு நெலைக்க வை." கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, சந்தனத்தை அழுத்தி வைத்தாள் வீரம்மா. அதன்மேல் குங்குமம்.

மறுபூஜை முடியும்வரை எதையும் தொடுவதில்லை என்பது வழக்கம். மறுநாள் பெங்களூரிலிருந்து வந்த விருந்தினர்கள் கண் முன்னால்தான் சில்லை எடுத்தார்கள். ஒட்டியிருந்த சந்தனத்தைக் கழுவினார்கள். லேசரை விட்டார்கள். புள்ளியாக விழ வேண்டிய ஒளி, கொட்டிய குழம்பு போல் சுவரெல்லாம் சிதறிக் கிடந்தது.

"யாரு இதத் தொட்டது?" முருகவேல் கத்தினார்.

"நான்தான் தொரை. நீங்கதானே வைக்கச் சொன்னீங்க?"

முருகவேலின் முகம் விருந்தினர்கள் பக்கம் போய்த் திரும்பியது. "நானா? கொழுந்து பறிச்ச கைய உள்ள விட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்!"

வீரம்மா சுமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா, உன் காதுலயும் விழுந்துச்சே. நீ சொல்லும்மா."

சுமலதா கையை மெல்ல உருவிக்கொண்டாள். "எனக்கு எதுவும் கேக்கலைக்கா."

மத்தியானமே அவளுடைய தட்டுமுட்டுச் சாமான்கள் தூறலில் கிடந்தன. மூட்டையைத் தூக்கியவளை முருகவேலின் குரல் நிறுத்தியது.

"வீரம்மா, நில்லு!"

மனம் இரங்கிவிட்டார்! மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். "தொரை..."

"மத்த மிசின்ல இருக்கிற பொட்டையெல்லாம் தொடச்சிட்டு, சாவியக் குடுத்துட்டுப் போ."

முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வைத்தபோது எவ்வளவு பதமாக வைத்தாளோ, அவ்வளவு பதமாக.

அவள் பெருமாள்மலை போகும் பஸ்ஸில் ஏறியபோது, அந்த அறையில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.