பஸ்ஸில் வந்த பரசூட்காரர்

போர்க்காலத்துச் சித்திரை வெயில். வத்தேகமவிலிருந்து கண்டிக்குப் போன பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர், இராணுவத்தில் பரசூட்டில் குதித்து, மற்றவர்களையும் குதிக்கப் பழக்கி ஓய்வு பெற்ற இலங்கை மலாய்க்காரர். தலை முழுக்க நரை. தோள்கள் மட்டும் நரைக்கவில்லை. சோதனைச் சாவடி நெருங்க நெருங்க, நான் சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

“இப்பிடி வெயில்ல குதிக்க முந்தி நாங்க நல்லாத் தண்ணி குடிப்போம். குடிங்க தம்பி. நாக்கு ஒட்டிக்கிட்டா பேர் சொல்ல ஏலாது.”

“உங்களுக்குப் பயம் வராதா?”

“பயமில்லாதவன நான் குதிக்க விடமாட்டேன். அவன் பரசூட் வாரை மூணு தடவ இழுத்துப் பாக்கமாட்டான்.”

பஸ் நின்றது. தமிழர்களை மட்டும் இறங்கச் சொன்னார்கள்.

அவர் இறங்க வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு முன்னால் எழுந்தார். படியில் நின்று, நெஞ்சில் இல்லாத வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.