கலியாணசுந்தரத்தின் வலது தோள்

பிள்ளையார்பாளையத்தில் கலியாணசுந்தரத்தின் வலது தோளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. அவரே சொல்லியிருப்பார். பங்குனி உத்திரத்தன்று தெரு முருகன் பல்லக்கில் புறப்படும்போது, வலது பக்கத்து முன்தண்டு அவருடையது. கல்யாணமான வருஷத்திலிருந்து அவருடையது. மற்ற நாளெல்லாம் குனிந்த தலை நிமிராமல் பட்டு நெய்கிற மனுஷன், அன்றைக்கு மட்டும் மார்பை நிமிர்த்திக்கொண்டு வருவார். மறுநாளிலிருந்து ஒரு வாரம் தோள்வலி. அந்த வலியை அவர் மறைத்ததே இல்லை. டீக்கடையில் கிளாஸை இடது கையால்தான் வாங்குவார். ஏன் என்று யாராவது கேட்கும்வரை குடிக்க மாட்டார். வீட்டில் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவது மனைவி அம்சவேணியின் வேலை.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஆள் குள்ளம். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் ஒரே உயரம்தான், அதனால் அவருக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. பட்டது தேவேந்திரனுக்கு. அம்சவேணியின் தம்பி, நெட்டையன், அதே தண்டில் அவருக்குப் பின்னால் நிற்பவன். போன வருஷம் திருவிழாவுக்கு முன்னால், கோயில் வாசலில் நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டேவிட்டான்.

"மாமா, நீ தூக்கிக்கினு வர்றியா, இல்ல சும்மா புடிச்சிக்கினு வர்றியா?"

கலியாணசுந்தரத்துக்கு ரத்தம் கொதித்தது. "போட்டோ எடுக்கச் சொல்றேன்பா. நான் தூக்கலன்னு அதுல தெரிஞ்சா, முன்தண்ட உட்டுட்டு தீவட்டி புடிக்கிறேன். போதுமா?"

சபதம் போட்டாயிற்று. மகள் சங்கீதா, கம்பெனியில் கூட வேலை செய்யும் ஏஞ்சலிடம் கேமரா இரவல் வாங்கி வந்து ஊர்வலம் முழுக்க எடுத்தாள். பல்லக்கு இறங்கியதும் மெமரி கார்டைக் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று பஸ் ஏறிவிட்டாள். வீட்டில் வைக்கலாமென்றால் அது தேவேந்திரனுக்கு அக்கா வீடு, எந்நேரமும் வந்து போவான். நம்ப முடியுமா? கலியாணசுந்தரம் கார்டை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார். உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று நினைத்தார். பல்லக்குத் தூக்கியவர்கள் தலையில் தெருப் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வருஷா வருஷம் நடப்பது. அது அவருக்கு ஞாபகம் வந்தது மூன்றாவது குடத்தில்.

கார்டை வெளியே எடுத்தபோது அது சாமிக்குப் படைத்த பண்டம் மாதிரி மஞ்சளாக இருந்தது. அவரைவிட தேவேந்திரன்தான் அதிகம் பதறினான். மாமாவின் குட்டு அதற்குள் அல்லவா இருக்கிறது.

"வெயில்ல வெச்சா காய்ஞ்சிடும் மாமா."

"நனைஞ்ச பட்ட எவனாச்சும் வெயில்ல போடுவானா? கலர் வெளுத்துடும்."

போட்டோவில் கலர் இருக்கிறது, ஆகவே வெயில் ஆகாது. கலியாணசுந்தரத்தின் நியாயம் அவ்வளவுதான். கார்டைப் பட்டு நூலில் கட்டித் தறி ஓரமாக நிழலில் தொங்கவிட்டார். போனில் சங்கீதா தலையில் அடித்துக்கொண்டு, அரிசிக்குள் வைக்கச் சொன்னாள். அரிசி டப்பாவின் அடியில் ஒளித்து வைத்தார். அம்சவேணியிடம் மூச்சுவிடவில்லை, தம்பியிடம் சொல்லிவிடுவாள் என்று பயம்.

மறுநாள் காலையில் அவர் கையை முழங்கைவரை டப்பாவுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க தேடறீங்க? இருந்த அரிசிய அப்பவே களைஞ்சி ஊற வெச்சிட்டேனே."

ஊறின அரிசியிலிருந்து கார்டு மறுபடி சொட்டச் சொட்ட வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சாம்பாரோடு இலைக்கு வந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பூவராகவனிடம் எடுத்துப் போனார். சாட்சிக்கு தேவேந்திரனையும் அம்சவேணியையும் இழுத்துக்கொண்டு போனார். பூவராகவன் கார்டை முகர்ந்து பார்த்து, எதையோ தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்தான்.

"மஞ்சத் தண்ணியோட காய்ஞ்சிருந்தா கார்டு போயிருக்கும் சார். அரிசியோட சேத்து அலசனதால தப்பிச்சிருக்குது" என்றான். அம்சவேணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

திரையில் படம் திறந்தது. பூமாலை, குடை, முருகன், முன்தண்டில் கலியாணசுந்தரம்.

"பாத்துக்கோ" என்றார் மச்சானிடம். "என் தோள இன்னும் பெருசு பண்ணுப்பா."

பூவராகவன் பெரிதாக்கினான். தோள் பெரிதாயிற்று. தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் இருந்த சந்தும் பெரிதாயிற்று. அந்தச் சந்து வழியாக எதிர்வீட்டு ஜன்னலும், ஜன்னலில் காய்ந்த பனியனும் தெளிவாகத் தெரிந்தன.

"தண்ணி பட்ட கோளாறா இருக்கும்பா."

"தண்ணி பட்டா படம் தொறக்காது சார். ஆள் உயரம் கொறையாது."

அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாவற்றிலும் அதே சந்து. குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, கையை உயர்த்தித் தண்டைக் கட்டிக்கொண்டு எட்டி எட்டி நடந்திருக்கிறார். வலி நிஜம்தான், பாரம்தான் அவர்மேல் இல்லை. அது பின்னால் கழுத்து நரம்பு புடைக்க வந்த தேவேந்திரன்மேல் இருந்தது. சிரிப்பதற்கென்றே வந்திருந்த தேவேந்திரன் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் நின்றான்.

அம்சவேணி திரைமேல் விரல்களை வைத்து அளந்தாள். சரியாக நாலு விரல்.

"அப்ப இத்தினி வருஷமா நான் எண்ண தேச்சது எதுக்கு?"

கலியாணசுந்தரத்துக்கு அவமானம் தாங்கவில்லை. அதற்கப்புறம் வருஷம் முழுக்க டீக்கடையில் வலது கையாலேயே கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

இந்த வருஷம் பங்குனி உத்திரத்தன்று, சொன்ன சொல்லைக் காப்பாற்ற, தீவட்டி பிடிக்கக் கிளம்பினார். அம்சவேணி வாசலில் மறித்து, பழைய வேட்டியை மடித்து மடித்துத் தைத்த ஒரு திண்டை அவர் வலது தோளில் வைத்துக் கட்டினாள்.

"நாலு விரல் கனம். தேவேந்திரன் உங்க எடத்துல யாரையும் நிக்க உடல. போங்க."

பல்லக்கு எழுந்தது. முருகன் முதல்முறையாக கலியாணசுந்தரத்தின் தோளில் உட்கார்ந்தார். தெரு திரும்புவதற்குள் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் தேவேந்திரன், "இன்னா மாமா, மாத்திக்கலாமா?" என்று கேட்டதற்கு வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் டீக்கடையில் கிளாஸை இடது கையால் வாங்கி, யார் கேட்பதற்கும் காத்திராமல் குடித்தார். வீட்டுக்கு வந்தபோது அம்சவேணி எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார்.

அம்சவேணி எண்ணெயைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள்.