வராத புக்கிங்கும் நான் போட்ட புகாரும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாதம். அந்தமானில் வண்டூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள் கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தோம். என் கணவருக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுண்டர் வேலை. காலையில் போனால் மாலையில்தான் வருவார். அதனால் அறைகள் என் பொறுப்பு.

வெப்சைட் இருந்தால்தான் ஆள் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். இதுமாதிரி வேலைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு ஆன்லைன் தளத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் இருக்கும் ஒருவரைப் பிடித்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும்தான் இருந்தன. நான் "சார்" என்று எழுதினேன், அவர் "மேடம்" என்று எழுதினார். எல்லாம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்தான். பாதிப் பணம் முதலில், மீதி வேலை முடிந்ததும் என்று பேச்சு.

வெப்சைட் அழகாகவே வந்தது. யாராவது அதில் புக்கிங் ஃபாரம் நிரப்பினால், அவர்களுக்குத் தானாக ஒரு பதில் போகும். எங்களுக்கும் ஒரு மெயில் வரும். ஆனால் மூன்று வாரமாகியும் ஒரு மெயில்கூட வரவில்லை. சந்தேகப்பட்டு என் பெயரிலேயே ஒரு ஃபாரம் நிரப்பிப் பார்த்தேன். விருந்தாளிக்குப் போகிற பதில் எனக்கு வந்தது. வீட்டுக்காரியாக எனக்கு வர வேண்டிய மெயில் வரவில்லை.

மீதிப் பணத்தைத் தர மாட்டேன் என்று எழுதினேன். "மெயில் போகிறது மேடம், தயவுசெய்து பாருங்கள்" என்று அவர் ஒரு படம் அனுப்பினார். எங்கள் பக்கத்து சிக்னலுக்கு அந்தப் படம் திறக்கவே இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கும் பொறுமை இல்லை. அந்தத் தளத்திலேயே ஒரு புகார் போட்டேன். அதில் "ஏமாற்றுக்காரர்" என்ற வார்த்தையை இரண்டு இடத்தில் சேர்த்தேன். அனுப்பியபோது பெரிய வழக்கில் ஜெயித்த மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்து, நண்பகலில், நைட்டியோடு வாசலில் நின்று மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு டாக்ஸி வந்து நின்றது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், நான்கு பெட்டி. ஈரோட்டிலிருந்து வருகிறார்களாம்.

"நாலு நாளைக்கு ரூம் புக் பண்ணியிருந்தமுங்க" என்றார் அந்த மனிதர்.

"எங்கள்ட்டயா?"

அவர் போனை நீட்டினார். 'உங்கள் வரவுக்காக அன்புடன் காத்திருக்கிறோம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அன்புடன் என்ற வார்த்தைக்காக நானே சண்டை போட்டுச் சேர்க்கச் சொன்ன வரி. காத்திருந்த ஒரு அறையில் சிமெண்ட் மூட்டையும், இன்னொன்றில் உரித்த தேங்காயும் இருந்தன.

அவர்களை ஹாலில் உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கணவருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஈரோடா? ரெண்டு பிள்ளைங்களா?" என்றார் மெதுவாக. "அது ஃபிராடுன்னுல்ல நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை கொடுத்த அன்று என் மெயிலின் பாஸ்வேர்டு மறந்துபோய், என் கணவருடைய மெயில் ஐடியைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அடுத்த நாளே என் மெயிலைச் சரிசெய்துகொண்டு, கொடுத்ததை மறந்தும்விட்டேன். அதே மாதம் அவருடைய அலுவலகத்தில் இணைய மோசடி பற்றி ஒரு வகுப்பு நடந்திருக்கிறது. அன்றிலிருந்து தெரியாதவர்கள் அனுப்பும் மெயிலையெல்லாம் மனுஷன் மும்முரமாக அழித்துக்கொண்டிருக்கிறார்.

"எத்தனை அழிச்சீங்க?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும். ஒருத்தன் உன் பேர்லயே அனுப்பிச்சான். எவ்ளோ தைரியம் பாருன்னு பக்கத்து கவுண்டர் பெங்காலி அண்ணன்கிட்டகூடக் காட்டினேன். அவரும், பக்கா ஃபிராடு, டிலீட் கரோன்னாரு."

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். மெயிலைக் கொடுத்தது நான்தானே என்று மூடிக்கொண்டேன்.

அறையைக் காலி செய்ய அந்த ஈரோட்டுக்காரரே ஒரு கை பிடித்தார். பிள்ளைகள் தேங்காயை உருட்டி விளையாடினார்கள். சாயங்காலம் அவர்கள் கடற்கரைக்குப் போனதும், பழைய மெசேஜில் நம்பரைத் தேடி அந்த சாருக்கு போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண் குரல். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் பதற்றத்தில் பறந்துபோய், "ஐயோ, இத எப்படிச் சொல்றது" என்று தமிழில் உளறினேன்.

"மேடம், நீங்க தமிழா?" என்றது அந்தக் குரல். மதுரைப் பக்கமாம். நான் "சார்" என்று எழுதிக்கொண்டிருந்தது இவருக்குத்தான். ஒரு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் டிக்‌ஷனரி பார்த்துப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறோம்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். என் கணவர் மெயில்களை அழித்த விஷயம் வந்ததும் அந்தப் பெண் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "கம்ப்ளைண்ட் வந்ததால அக்கவுண்ட நிறுத்தி வச்சிருக்காங்க மேடம். பத்து நாளா புது வேலை எதுவும் எடுக்க முடியல." குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதுதான் என்னை அதிகமாகக் கூசவைத்தது.

அன்றே மீதிப் பணத்தை அனுப்பினேன். புகாரை வாபஸ் வாங்கி, தவறு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் கணக்கைத் திறந்துவிட்டார்கள். "இப்பவாவது மெயில் ஐடிய மாத்திரலாமா மேடம்?" என்று கேட்டார். இரண்டு நிமிட வேலை, காசு வாங்கவில்லை.

முகம் தெரியாத ஒருவரிடம் என் நாக்கு எவ்வளவு சுலபமாக நீண்டுவிட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நான் கோபத்தில் தட்டிய ஒரு வார்த்தை, எங்கோ ஒரு வீட்டில் பதிமூன்று நாள் பிழைப்பை நிறுத்தியிருக்கிறது.