தானாக இறங்காத கம்பி

ஆனி மாதம் மேற்கு மலையில் மேகம் இறங்கிவிட்டால் தென்காசியில் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். வருஷம் முழுவதும் ஒரு கார்டு போடாத உறவெல்லாம், "குத்தாலத்துல தண்ணி விழுதாமே" என்று துண்டும் எண்ணெய்ச் சீசாவுமாக வந்து இறங்கும். ஆலங்குளத்திலிருந்து சித்தப்பா குடும்பம், வாசுதேவநல்லூரிலிருந்து என் அக்காவும் அத்தானும், அவர்கள் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளோடு படிக்கிற பிள்ளைகள். காலையில் அருவிக்குப் போய் மத்தியானம் கொலைப்பசியோடு திரும்புவார்கள். சாரலில் துணி எதுவும் காயாது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, ஈர வேட்டிகளுக்கு நடுவே நாங்கள் குனிந்து குனிந்து நடமாடுவோம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது சீசன். என் மனைவி செங்கோட்டைக்காரி, சரியான காப்பிப் பைத்தியம். கொட்டையை அவளே வறுப்பாள், கை மெஷினில் மாவு மாதிரி அரைப்பாள். சிக்கரி எவ்வளவு சேர்க்கிறாள் என்பதைக் கட்டிய புருஷனிடமும் சொன்னதில்லை. பித்தளை பில்டரை வேறு யாரும் தொடக்கூடாது. டிகாக்ஷன் இறங்கும்போது மூடியைத் தட்டிப் பார்த்தால் கையிலேயே ஒன்று வைப்பாள். "அது தானா இறங்கும். சும்மா இருங்க" என்பாள்.

ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து அவள் காப்பியைக் குடித்துவிட்டுப் புகழ்ந்தார்கள். சித்தப்பா என்னைப் பார்த்து, "நீ கொடுத்து வச்சவன்லே" என்றார். பெண்டாட்டியை நாலு பேர் முன்னால் புகழ்ந்தால் கௌரவம் குறைந்துபோகும் என்பது எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பரம்பரையாக வந்த வியாதி. நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் எங்க அக்கா காப்பி மாதிரி வராது" என்றேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

மறுநாள் காலை எல்லோருக்கும் தம்ளர் வந்தது, எனக்கு வரவில்லை. அடுப்பங்கரை வாசலில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல் அம்மியைப் பார்த்து, "நல்ல காப்பி வேணும்னா வாசுதேவநல்லூருக்கு பஸ் போகுது" என்றாள். அதோடு பேச்சு நின்றுபோனது. சாப்பாடு நேரத்துக்கு வரும், சோற்றில் குறை இருக்காது. ஆனால் என்னிடம் சொல்ல வேண்டியதெல்லாம் அக்கா பிள்ளைகள் மூலமாகத்தான் வந்தது. எனக்கு மட்டும் வீம்பு இல்லையா? கடைத்தெருவில் ஒரு கிளப்புக்கடையில் போய்க் காப்பி குடித்தேன். கழுநீரில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. கோபம் இரண்டு நாளில் தானாக இறங்கிவிடும் என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆகியும் இறங்கவில்லை.

பத்தாம் நாள் அக்கா என்னைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, உன் பெண்டாட்டி தலையில துணியக் கெட்டிக்கிட்டுத் திரியுதாளே, ஏன்னு கேட்டியா?"

"சாரல்ல சளி பிடிச்சிருக்கும்."

"சளியாம்லா! காப்பி குடிக்காத தலைவலிலே அது. ஒம்பது நாளா ஒரு வாய் குடிக்கலை. கேட்டா, 'நல்லா இல்லாத காப்பிய நான் மட்டும் எதுக்குக் குடிக்கணும் மதினி'ங்கா. போயும் போயும் என் காப்பியவா சொன்ன? அத உங்க அத்தானே மூக்கப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிக்காக."

எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது தம்ளர் கலக்குகிறாள், வாசனையில் நின்றுகொண்டே வேலை செய்கிறாள், ஒரு வாய் குடிக்கவில்லை. அந்தத் துணியை நான் தினமும் பார்த்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய், தப்பு என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். அந்தச் சொல் வாயில் வந்தால்தானே! அதற்குப் பதிலாக நானே ஒரு காப்பி போட்டு அவளைக் குடிக்கவைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வென்னீர்கூட வைத்தறியாதவன் நான்.

பில்டரைத் தொட முடியாது. ஆனால் பரணில் ஒரு சாமான் கிடந்தது. ஆரியங்காவுப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்த என் சேக்காளி ஒருவன் கொடுத்தது. அவனுடைய துரை ஊருக்குப் போகும்போது தட்டுமுட்டுகளையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கைப்பிடி வைத்த கண்ணாடிக் குடுவை, அதற்கு ஒரு மூடி. மூடியின் நடுவே ஒரு கம்பி, கம்பியின் அடியில் சல்லடை மாதிரி வட்டத் தகடு. "துரை இதுலதான் காப்பி குடிப்பாரு. பொடியப் போட்டு வென்னிய ஊத்து, மிச்சத்த அதுவே பாத்துக்கிடும்" என்று சொல்லியிருந்தான். துரை வீட்டுச் சமையலறைக்குள் அவன் கால் வைத்ததில்லை என்பதும், கம்பியைக் கையால்தான் மெல்ல அமுக்கி இறக்க வேண்டும் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மத்தியானம் மூன்று மணி. ஸ்டவ்வைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பற்றவைத்தேன். பொடி டப்பாவை அக்கா கடத்திக்கொண்டு வந்தாள். அந்த மாவுப் பொடியில் நாலு கரண்டி குவித்துப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடினேன். கம்பி மூடிக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அது தானாக இறங்கக் காத்திருந்தேன்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. டிகாக்ஷன் என்றால் தானாக இறங்குவது, அவசரப்படுகிறவன் மடையன் என்றுதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்? கால் மணி ஆயிற்று. அருவியிலிருந்து வந்தவர்கள் ஈரத் தலையோடு சுற்றி உட்கார்ந்தார்கள். அரை மணி ஆயிற்று. "கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார் அத்தான். "இல்ல, அப்படியே நிக்கி" என்றது ஒரு பிள்ளை. சித்தப்பா தம் வெற்றிலைச் செல்லத்தைக் கொடுத்து, "இந்தக் கனத்தத் தூக்கி மேல வைலே" என்றார். வைத்தேன். அது சரிந்து என் முழங்காலில் விழுந்தது, கம்பி அசையவில்லை. இதற்குள் தண்ணீர் ஆறிப்போயிருந்ததால் அதைக் கொட்டிவிட்டு, புதுப் பொடியும் வென்னீருமாக மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் கம்பியின் தலையில் வைத்து முழுப்பலத்தோடு அமுக்கினேன்.

மாவுப் பொடி சல்லடைக் கண்ணை அடைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் கம்பி மசியவில்லை. பிறகு திடீரென்று புஸ்ஸென்றது. மூடியின் ஓரமாகச் சீறிக் கிளம்பிய டிகாக்ஷன் சுவரில் அடித்தது, கொடியில் தொங்கிய அத்தான் வேட்டியில் அடித்தது, என் வலது கை விரல்களில் கொட்டியது. "ஐயோ, என் வேட்டி!" என்று அத்தான் அலறினார். என் விரலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

குடுவையின் அடியில் அரைத் தம்ளருக்கு மிஞ்சியிருந்தது. பாலும் சர்க்கரையும் சேர்த்து, எரிகிற கையாலேயே ஆற்றினேன். சத்தம் கேட்டு அவள் அடுப்பங்கரை வாசலுக்கு வந்திருந்தாள். தலையில் அந்தத் துணி. தம்ளரை நீட்டினேன். வாங்குவாளோ மாட்டாளோ. கூடமே எட்டிப் பார்த்தது.

வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் எங்க மதினி காப்பி மாதிரி வராது."

கூடம் சிரித்து உருண்டது, அக்காதான் எல்லோரையும்விட உரக்க. என்னால் சிரிக்க முடியவில்லை. அவ்வளவு நேரம் மெனக்கெட்டு, கையைச் சுட்டுக்கொண்டு போட்ட காப்பி. நாலு பேர் முன்னால் இப்படியா சொல்வது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது.

"தப்புத்தான்" என்றேன். அத்தனை பேர் முன்னால்தான் சொன்னேன்.

அவள் தம்ளரைத் தூக்கி அண்ணாந்து, அடியில் தங்கிய கசடுவரை குடித்து முடித்தாள். பிறகு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, குடத்துத் தண்ணீரில் நனைத்து, என் விரல்களில் சுற்றினாள்.

"நாளைக்கும் நீங்களே போடுங்க" என்றாள். "பொடிய நான் கொரகொரன்னு திரிச்சுத் தாரேன்."