பாரம் தெரியாத பிக்கப்

ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது பிக்கப் வண்டியின் சாவி என் சட்டைப் பையில் கனத்தது. கிள்ளானில் எங்கள் கடையில், துருவிய தேங்காய்க் குவியலின் மேலேயே நான் சரிந்து விழுந்திருக்கிறேன். வலிப்பு. எனக்கு அதில் ஒன்றும் நினைவில்லை. கண் திறந்தபோது உதட்டில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவின் இனிப்பு மட்டும் நினைவிருக்கிறது. "மறுபடி வராதுன்னு நான் சொல்ற வரைக்கும் வண்டி வேண்டாம். துருவுற மெசின் பக்கமும் போக வேண்டாம்," என்றார் டாக்டர். எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே சாவி கை மாறிவிட்டது.

தேங்காய்தான் எங்கள் பிழைப்பு. உரித்த தேங்காய் மூட்டைகளை விடிந்ததும் பிரிக்பீல்ட்ஸுக்கும் பங்சாருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சட்னி காத்திருக்காது. நெருப்பு மூட்டிவிட்டுத் தேங்காய்க்காகக் காத்திருக்கும் சமையல்காரனின் கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிக்கப் நாங்கள் வாங்கும்போதே கிழடு. சுங்கை வேயில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற ஒருவர் விற்றார். பின் சக்கரத்தின் பக்கம் என்னைக் குனியச் சொல்லிக் காட்டினார். "பாத்துக்குங்க அண்ணே, ஸ்ப்ரிங்ல எக்ஸ்ட்ரா பட்டை ஏத்தியிருக்கேன். எவ்ளோ ஏத்தினாலும் குந்தாது லா. ரோட்ல எவனும் மடக்க மாட்டான்." பின்பக்கம் குந்திப் போகிற வண்டியைத்தான், பாரம் அதிகம் என்று அதிகாரிகள் ஓரம் கட்டுவார்கள். நிமிர்ந்து போகிற வண்டிக்கு யாரும் கை காட்டுவதில்லை. தேங்காய்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்? அந்த இரும்புப் பட்டைக்காகவே அதை வாங்கினோம் என்றுகூடச் சொல்லலாம்.

என் மனைவி அதுவரை ஓட்டியது கிளட்ச் இல்லாத சின்னக் கார். இப்போது இந்த எருமை. முதல் வாரம் ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி குலுங்கிச் செத்தது. பின்னால் ஹாரன் அடிப்பவர்களை அவள் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். எனக்குத்தான் காது சிவந்தது. இடப்பக்கம் உட்கார்ந்து வரும் எனக்குக் கால் சும்மா இருக்காது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்ததும் என் வலது கால் ரப்பர் விரிப்பை ஓங்கி மிதிக்கும்.

"அங்க ஒன்னும் இல்லங்க. மிதிச்சி மிதிச்சி ஓட்டையப் போட்றாதீங்க. அதுக்கும் செலவு பண்ண முடியாது."

நான் ஓட்டிய நாட்களில் அந்த வண்டியைப் பற்றி எனக்குப் பயமே இருந்ததில்லை. பயப்பட நேரமில்லை, கையும் காலும் வேலையாக இருந்தன. இப்போது கண் மட்டும்தான் வேலை செய்தது. கண் எல்லாவற்றையும் பார்த்தது. தேங்காய் ஏற்றிய வண்டி, அவள் மிதித்த பிறகும் கொஞ்ச தூரம் தன் இஷ்டத்துக்கு ஓடி, மூக்கைக் கீழே குத்திக்கொண்டு, மனமில்லாமல் நிற்பதையும் பார்த்தது.

மேருவில் எங்களுக்குப் பழக்கமான போமன் ஒருவர் இருக்கிறார். தொழிற்சாலைகளுக்கு நடுவே தகரக் கொட்டகையில் வண்டி பழுது பார்ப்பவர், என்னைவிட இளையவர், வாய் ஓயாதவர். எங்கள் நிலைமை அவருக்குத் தெரியும். நான் விழுந்த பிறகு மெசினுக்கு ஓர் ஆள் வைத்தாயிற்று, வருமானத்தில் பாதி அங்கே போகிறது. "இருக்கிற காசுல நிக்கிறதுக்கு மொதல்ல செய்வோம் அண்ணே. ஓடுறதுக்கு அப்புறம். அழகுக்கு அடுத்த ஜென்மம்," என்றார்.

டயரில் ஆரம்பித்தோம். பார்வைக்கு வரிப்பள்ளம் தேயாமல் நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் நகத்தால் கீறிக் காட்டினார், காய்ந்த ஆற்று மண் மாதிரி வெடித்திருந்தது. அடுத்த மாதம் பிரேக். தேய்ந்த கட்டைகள், கசியும் சிலிண்டர், ஊறிப்போன குழாய்கள், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதுசு. "பிரேக்ல மட்டும் பழசு போட மாட்டேன். நீங்க கெஞ்சினாலும் போட மாட்டேன்." மற்றதற்கெல்லாம் பழசுதான். ரேடியேட்டருக்கும் ஹெட்லைட்டுக்கும் அவர் என்னை ஹாஃப்கட் கடைக்கு அழைத்துப் போனார். ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலேற்றிய வண்டிகள் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். முகம் இருக்கும், முதுகு இருக்காது. விளக்குகள் விழித்திருக்கும், பின்னால் வெறும் காற்று. அந்தச் சந்தில் நடக்கும்போது எனக்கு என் உடம்பைப் பற்றி என்னென்னவோ தோன்றியது. உடம்புக்கு இப்படியொரு கடை இருந்தால் நானும் ஒரு மூளை நரம்பு வாங்கியிருப்பேன், பழசாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் போமன் எங்களை ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போவார். வேகமாகப் போய்ச் சட்டென்று மிதிப்பார். வண்டி அப்படியே நிற்கும். "எப்படி?" என்பார். நான் தலையாட்டுவேன். மறுநாள் விடியலில், மூட்டைகளோடு, அதே வண்டி அதே பழைய கதையைத் தொடங்கும். திரும்பப் போய்ச் சொல்வேன். அவர் மறுபடி ஒரு வட்டம் போவார். மறுபடி சட்டென்று நிற்கும். "அண்ணே, கோவிச்சிக்காதீங்க, பக்கத்து சீட்ல உக்காந்தா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்." என் பயம் என் நோயின் வாலாகிவிட்டது. நான் சொல்வதை அவர் கேட்கும் விதமே மாறியிருந்தது. டாக்டரிடம் மாத்திரைகளைப் பற்றிச் சொல்லும்போதும் இதே விதத்தில்தான் கேட்கப்படுகிறேன்.

பிறகு ஒரு மழைக்காலை. பங்சாரில் சரிவில் இறங்குகிறோம். மூட்டைகள் நிறைய. கீழே சிக்னலில் வெள்ளைக் கார் ஒன்று நிற்கிறது, பின் கண்ணாடியில் குழந்தை இருக்கை தெரிகிறது. அவள் மிதித்தாள். வண்டி மூக்கைக் குத்தியது. முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, பின்னாலிருந்து அத்தனை தேங்காயும் எங்களைத் தள்ளின. ஸ்டியரிங்கைத் திருப்புகிறாள், வண்டி திரும்பவில்லை. நான் கத்தினேனா தெரியாது. கை ஏதாவது ஒன்றைப் பிடித்து இழுக்கப் பார்த்தது, இழுக்க எதுவும் இல்லை. அவள் மிதித்ததை விட்டாள். அந்த நேரத்தில் காலை எடுக்க எங்கே கற்றாளோ. காலை எடுத்ததும் சக்கரம் உருண்டது, வண்டி இடது பக்கம் வழுக்கி ஏறி, புல்மேட்டில் மோதி, ஒருமாதிரி சாய்ந்து நின்றது. வெள்ளைக் கார் பச்சை விழுந்ததும் போய்விட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

நான் அழுதுவிடுவேன் என்று பயந்து வெளியே பார்த்தேன். அவள் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"மேருக்குப் போறோம்," என்றாள்.

"தேங்காய இறக்கிட்டு..."

"இறக்க வேணாம். இத்தன நாளும் காலி வண்டியத்தான காட்டினோம்? காலி வண்டிக்கு என்ன நோவு இருக்கு? மூட்டையோட காட்டுவோம்."

அத்தனை மாதமும் எனக்குத் தோன்றாதது அது. போமனுக்கும் தோன்றவில்லை. பட்டறைக்குப் போகும்போது வண்டியைக் காலி செய்து, கழுவிக்கூடக் கொண்டுபோவோம், டாக்டரிடம் போகும்போது நல்ல சட்டை போடுவது மாதிரி.

சமையல்காரர்கள் போனில் கொதிக்கக் கொதிக்க, ஊர்ந்து ஊர்ந்து மேரு போய்ச் சேர்ந்தோம். மூட்டைகளோடு நிற்கும் வண்டிக்கு அடியில் போமன் டார்ச்சோடு நுழைந்தார். அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"அக்கா, இந்த வண்டிக்கு நீங்க தேங்காய் ஏத்தினதே தெரியாது."

அவர் விளக்கியது இதுதான். பின் அச்சுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கிறது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி நகரும். பின்சக்கரத்துக்கு பிரேக் கூடுதலாகப் போகும். தாழாவிட்டால் வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு கொஞ்சமாகத்தான் அனுப்பும். எங்கள் வண்டிதான் தாழ்வதே இல்லையே. அந்த எக்ஸ்ட்ரா பட்டை அதை எப்போதும் நிமிர்த்தியே வைத்திருந்தது. அத்தனை பாரத்தையும் முன்சக்கரம் தனியாகப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. "நல்லா நிமிந்து நிக்குது, அதான் நிக்க மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கம்பிய வளைச்சி சரி பண்ண முடியாதா?" என்று கேட்டேன்.

"பண்ணலாம். அப்ப மூட்டையோட நிக்கும். மூட்டைய இறக்கிட்டு வரும்போது மழை பேஞ்சா பின்னாடி சுத்திரும். பட்டைய கழட்டலாம். ரெண்டுக்கும் நிக்கும். ஆனா இவ்ளோ ஏத்த முடியாது, குந்திரும்."

என்னைத்தான் பார்த்துச் சொன்னார். நான் மனதில் மூட்டைகளையும் கடைகளையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அவள் காத்திருக்கவில்லை. "கழட்டுங்க தம்பி."

கழற்றிய பட்டைகளை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். எத்தனை மூட்டை வரை ஏற்றலாம் என்று அவள் கேட்டாள். முன்னே ஏற்றியதில் முக்கால் பங்கு என்றார். நான் அளவு மீறி உற்சாகமானேன். ஸ்பேர் டயரோடு கிடக்கும் பழைய இரும்புப் பெட்டியை இறக்கலாம், ஈர மூட்டையைத் தவிர்க்கலாம், எடை குறையக் குறைய வண்டி சீக்கிரம் நிற்கும், ஒவ்வொரு கிலோவும் உயிர்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு பயனுள்ள பேச்சு.

"அப்ப அண்ணன் எத்தன மூட்டை வருவாரு?" என்று அவள் போமனிடம் கேட்டாள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்றரை. தீபாவளிக்கு அப்புறம் ரெண்டு."

மூவரும் சிரித்தோம். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது மறுநாள் விடியலில்தான் தெரிந்தது. மூட்டைகளை ஏற்றி முடித்ததும் நான் வழக்கம்போல இடப்பக்கக் கதவைத் திறக்கப் போனேன். அவள் உள்ளிருந்தே பூட்டியிருந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"நீங்க இருங்க. பக்கத்து காய்கறிக் கடை அக்காகிட்ட சொல்லியிருக்கேன், பாத்துக்குவாங்க."

"தனியாவா போற?"

"உங்க எடைக்குப் பதிலா ஒன்றரை மூட்டை கூடுதலா ஏத்தியிருக்கேன். நீங்கதான சொன்னீங்க, ஒவ்வொரு கிலோவும்..." அதோடு நிறுத்திக்கொண்டு, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: "நேத்து அந்த சரிவுல ஒரு நிமிசம் எனக்கு என்ன பயம் தெரியுமா? இப்ப உங்களுக்கு வந்துருச்சின்னா, நான் ரோட்ட பாப்பனா, உங்கள பாப்பனா?"

கதவிலிருந்து கையை எடுத்தேன். வராது என்று சொல்ல டாக்டராலேயே முடியவில்லை. பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, முதல் தடவையாகப் பாரம் தெரிந்த வண்டியாக, அது முனையில் திரும்பி மறைந்தது.

காய்கறிக் கடை அக்கா என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையில் போட்ட தேங்காய்ப்பூவை எடுத்து வேறு பைக்கு மாற்றினேன். மழை பிடிக்கும் போலிருந்தது. வேகத்தடை, மேம்பாலம், சரிவு என்று வழி முழுவதும் என் உடம்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. போன் செய்யலாம், செய்தால் அவள் ஒரு கையால் எடுப்பாள். போனைக் கல்லாவுக்குள் வைத்து மூடினேன். திறந்தேன். மூடினேன்.

போன் அடித்தபோது, எடுக்கிற அவசரத்தில் அதைக் கீழே தட்டிவிடப் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர்.

"என்னா அண்ணே இது? மூட்டை குறையுதே! காலைல கூட்டம் எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? இப்படிப் பண்ணினா நான் வேற ஆளத்தான் பாக்கணும் லா..."

மூட்டை குறைந்திருக்கிறது. அப்படியானால் மூட்டை வந்துவிட்டது. வண்டி நின்றிருக்கிறது, அவள் இறங்கியிருக்கிறாள். நான் குறுக்கே பேசவில்லை. அவர் திட்டத் திட்ட, பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ காப்பி கேட்பதும் கேட்டது; அதற்கிடையே அவள் குரல் எங்காவது கேட்கிறதா என்று காதை அழுத்திக்கொண்டேன்.

"லைன்ல இருக்கீங்களா அண்ணே?"

"இருக்கேன் பாஸ். சொல்லுங்க," என்றேன். "இன்னும் சொல்லுங்க."