பனி காய்ந்தபின் பார்த்த லைன்

“எங்க பக்கம் லைன் சரியா இருக்கு சார்” என்று அந்தப் பெண் மூன்றாவது முறையாகச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் இரண்டு நாளாக வருவதும் போவதுமாக இருந்தது. கம்பியைக் கழற்றி மாட்டினேன். பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். சுவரோரம் குனிந்து பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். இடுப்புதான் பிடித்துக்கொண்டது, நெட் வரவில்லை. கடைசியில் கம்பெனிக்குப் போன் செய்தால் இந்தப் பதில். அவள் சொன்ன அதே வார்த்தைகளை, கிட்டத்தட்ட அதே குரலில், என் உத்தியோக காலம் முழுக்க ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அரூருக்குப் பக்கத்தில், சித்தேரி மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு சிற்றூரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன்மேனாக இருந்தேன். என்னிடம் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு போன எத்தனையோ பேரில் ஒருவரை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை. அவர் கம்பவுண்டர்.

கம்பவுண்டர் என்றால் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்து ரிடையர் ஆனவர். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள். நர்ஸ் படித்துவிட்டு பம்பாயில் வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்த ஒருவரைத் தகப்பனிடம் சொல்லாமலே கல்யாணம் செய்துகொண்டாள். முடிந்தபிறகு கடிதம் வந்தது. அவர் பதில் போடவில்லை. யாராவது மகளை விசாரித்தால் “நல்லா இருக்கா” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கிற மருந்து பாட்டிலை எடுத்துக் குலுக்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் அந்தக் கடிதம் வந்த மறுமாதமே அவர் டெலிபோனுக்கு எழுதிப் போட்டிருந்தார் என்பது எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்டருக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் போன் கிடைப்பது பெண் கிடைப்பதைவிடக் கஷ்டம். மூன்று வருஷம் காத்திருந்து, எண்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம் அவர் முறை வந்தது. கம்பத்திலிருந்து கம்பி இழுத்து, கறுப்புப் போனை அவர் மேஜைமேல் வைத்தவன் நான்தான். அன்றைக்கே மகளுக்கு ஒரு கார்டு எழுதியிருக்கிறார். அதில் போன் நம்பரைத் தவிர ஒரு வார்த்தையும் கிடையாது. பின்னால் அவரே சொன்னார். “கோவம் எப்பவோ வடிஞ்சிருச்சுங்க தம்பி. ஆனா அத எப்பிடி எழுதறதுன்னுதான் தெரியல.”

மார்கழி பிறந்ததும் கம்ப்ளெயிண்ட் ஆரம்பித்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்பதரை மணிக்குக் கூப்பிடுவார். “போன் வேல செய்யலீங்க. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க.” வேலை செய்யவில்லை என்று அவர் சொல்வது அதே போனிலிருந்துதான். எக்ஸ்சேஞ்சில் ஒரே சிரிப்பு. கம்ப்ளெயிண்ட் எழுதுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு, “பொணமே எந்திரிச்சு வந்து நான் செத்துட்டேன்னு எழுதிக்கங்கன்னு சொல்லுதுங்கண்ணா” என்பாள். நானும் சிரித்தேன். சிரிக்கவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய்.

ஆனாலும் போய்ப் பார்ப்பேன். ஆபீசில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரப் பதினொரு மணி ஆகும். ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கணீரென்று இருக்கும். எக்ஸ்சேஞ்சுக்குப் பேசி, திருப்பி மணியடிக்கச் சொல்வேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடிக்கும். சுவரில் வருகிற ஒயரை ஆட்டிப் பார்ப்பேன், கம்பத்தடியில் நின்று மேலே பார்ப்பேன். ஒரு குறையும் இருக்காது. புத்தகத்தில் ‘சரி பார்க்கப்பட்டது’ என்று எழுதி மூடிவிடுவோம். இப்போது கம்பெனிக்காரர்கள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ் அனுப்புகிறார்களே, அதேதான். இரண்டாவது வாரம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். “எந்த நேரத்துல சார் வேல செய்யறதில்ல?”

“காலைல வெள்ளனமேங்க. அவளுக்கு... அங்க நைட் டியூட்டி முடியற நேரம்.”

“அப்ப எடுத்து டோன் வருதான்னு பாத்தீங்களா?”

“அய்யோ, அந்த நேரத்துல தொடவே மாட்டனுங்க. நான் எடுத்துக் கையில வெச்சிருக்கற நேரம் பாத்து யாராச்சும் கூப்பிட்டா, லைன் கெடைக்காதில்லீங்களா?”

ஐந்தரை மணியிலிருந்து ஏழு மணிவரை தினமும் அந்தப் போனுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், அதைத் தொடாமல். தொழில் தெரிந்தவன் அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இன்னும் ஏழு கம்ப்ளெயிண்ட் பாக்கி இருந்தது. நாலாவது திங்கட்கிழமை நல்ல வெயில், சைக்கிள் வேறு பஞ்சர். தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தால் வழக்கம்போல டோன் கணீரென்று வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “லைன்ல ஒரு கோளாறும் இல்லீங்க சார். கூப்பிடறவங்க கூப்பிட்டாத்தானே பெல் அடிக்கும்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “அதுவும் சரிதானுங்க” என்றார். அதற்கப்புறம் கம்ப்ளெயிண்ட் வரவில்லை. தொல்லை விட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவரே எக்ஸ்சேஞ்சுக்கு நடந்து வந்தார். என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு ஓர் இன்லண்ட் லெட்டரை நீட்டினார். மகள் எழுதியது. நாலு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு டிரங்க் கால் போட்டேன், நாலு தடவையும் பெல் போகிறது ஆனால் எடுக்கவில்லை என்று ஆபரேட்டர் சொன்னாங்க, நம்பரைக் கொடுத்துவிட்டு எடுக்காமல் இருந்தால் என்ன அர்த்தம் அப்பா, இனிமேல் நான் தொந்தரவு செய்யமாட்டேன். அவ்வளவுதான் கடிதம். படித்து முடித்து நிமிர்ந்தேன். அவர் சத்தம் போடவில்லை. ‘ஆறு மணி’ என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டி, “நீங்க எப்பவும் பதினோரு மணிக்கு வர்றீங்க தம்பி. ஒருக்கா இந்த நேரத்துக்கு வந்து பாக்கறீங்களா?” என்றார்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு அவர் வீட்டில் இருந்தேன். எதிர்வீடு தெரியாத பனி. ஆறு மணிக்கு மணியடிக்கும்படி எக்ஸ்சேஞ்சில் நைட் டியூட்டிக்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஆறு ஆனது, ஆறேகால் ஆனது. போன் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. ரிசீவரை எடுத்தேன். டோன் இல்லை, அடுப்பில் ஈர விறகு எரிகிற மாதிரி ஒரு கரகரப்பு. பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிச் சுவரில் சாத்தினேன். அவர் கீழே நின்று பிடித்துக்கொண்டார். சன்ஷேடுக்கு மேலே, கம்பத்துக் கம்பியும் வீட்டு ஒயரும் சேர்கிற இடத்தில் கை வைத்ததும் சொதசொதவென்று தண்ணீர் கசிந்தது.

அது நான் போட்ட ஜாயிண்ட். இரண்டு கம்பியின் முடிச்சும் அக்கம்பக்கத்தில் வரக்கூடாது, ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும் என்பது இந்த வேலையில் முதல் நாள் பாடம். அவசரத்தில் இரண்டையும் ஒரே இடத்தில் போட்டிருந்தேன். ஸ்டோரில் நல்ல டேப் தீர்ந்துபோய் வெறும் துணி டேப்பைச் சுற்றி, வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவன் அப்படியே மறந்துவிட்டேன். பனி இறங்கினால் துணி நனைந்து இரண்டு கம்பியும் ஒன்றாகிவிடும். மணியடிக்க வருகிற கரண்ட் வீட்டுக்குள் வராமல் அங்கேயே வடிந்துபோகும், கூப்பிடுகிறவருக்கு மட்டும் பெல் போகிற மாதிரியே கேட்கும். எட்டு மணி வெயிலில் துணி காய்ந்துவிடும். பதினொரு மணிக்கு நான் வந்து, எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போவேன்.

ஏணியிலிருந்து இறங்காமல் யோசித்தேன். ஆபீசில் சொன்னால் எனக்கு மெமோ நிச்சயம். ‘பனிங்க சார், யாரும் ஒண்ணும் பண்ண முடியாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பிவிடுவார். ஆனால் ஏணியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் போட்டதுங்க சார். தப்பு என்னுது” என்றேன். ஏணியைப் பிடித்தபடியே அவர், “சர்வீசுல ஒருக்கா நானும் மருந்து மாத்திக் கலக்கிக் குடுத்துட்டனுங்க. நல்லகாலம், குடிக்கறதுக்கு முன்னால ஞாபகம் வந்து ஓடிப் போயி புடுங்கிட்டு வந்தேன். ஓடறதுக்கு நேரம் இருந்துச்சு எனக்கு” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜாயிண்டைப் புதுசாகப் போட்டு இறங்கியதும், “நீங்களே மகளுக்கு டிரங்க் போடுங்க சார், நான் புக் பண்ணித் தர்றேன்” என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “நான் சொன்னா சாக்குன்னுதான் நெனப்பா. என்னாட்டவே பிடிவாதக்காரி. நீங்க எழுதுங்க தம்பி. கம்பி உங்களுது.” ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்து வைத்துவிட்டு, நான் எழுதும்போது பக்கத்தில் இருக்கக்கூடாது என்று வாசலுக்குப் போய்விட்டார். எனக்குக் கடிதம் எழுதி வராது. நான் இந்த ஊர் லைன்மேன், உங்கள் அப்பா எடுக்காமல் இருக்கவில்லை, பெல்லே அடிக்கவில்லை, நான் ஜாயிண்டைச் சரியாகப் போடவில்லை, அவர் தினமும் ஐந்தரைக்கே எழுந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள் அம்மா என்று எழுதினேன். முகவரியை அவள் கடிதத்தைப் பார்த்து எழுதி, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

முதல் ஞாயிறு போனேன். கடிதமே போய்ச் சேர்ந்திருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும், இருந்தும் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது ஞாயிறும் மணி ஏழாகியும் சத்தமில்லை. “போயிட்டு வாங்க தம்பி, ஞாயித்துக்கெழம வூட்ல தேடுவாங்க” என்றார். மகள் ஊர்விட்டு ஊர் மாறியிருப்பாளோ, கடிதத்தைப் படிக்காமலே கிழித்திருப்பாளோ என்று வாரம் பூராவும் நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு குடும்பம் துணி டேப்பால் அறுந்துபோகும் என்று யாராவது சொன்னால் அதற்கு முன் நான் சிரித்திருப்பேன்.

மூன்றாவது ஞாயிறு ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு மணி அடித்தது. நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். அவர் அசையவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை அடித்தது. “எடுங்க சார், கட்டாயிரப்போவுது!” என்று கத்தினேன்.

“இருங்க தம்பி. இத்தன நாளும் நீங்க அடிச்ச பெல்லத்தான் கேட்டிருக்கேன். இது அவ அடிக்கறது” என்றார்.

அதற்கப்புறம்தான் ரிசீவரை எடுத்தார். பார்ட்டி லைனில் இருக்காங்க, பேசுங்க, பேசுங்க என்று டிரங்க் ஆபரேட்டர் கத்துவது நான் நின்ற இடத்துக்கே கேட்டது. அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“போனு ரிப்பேரா இருந்துச்சு பாப்பா” என்றார். “நான் இங்கயேதான் உக்காந்திருந்தேன்.”